பராமரிப்பவர் என்ற கட்டம்

லேபிள் அக்காவின் சமையலறையில் எந்த டப்பாவிலும் லேபிள் கிடையாது. மிளகாய்த்தூள் பிஸ்கட் டப்பாவில் இருக்கும், சர்க்கரை காபித்தூள் டப்பாவில் இருக்கும், காபித்தூள் எங்கே இருக்கிறது என்பது அவருக்கே தினமும் ஒரு கண்டுபிடிப்பு. ஒருமுறை அவர் வீட்டில் எனக்குக் கொடுத்த காபியில் உப்பைப் போட்டிருந்தார். நான் முகத்தைச் சுளித்ததும், "உப்பா அது? அப்ப சர்க்கரை எங்கப்பா போச்சு?" என்று என்னையே கேட்டார். ஆராய்ச்சி மையத்தில் அடுத்தவர் டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டச் சொல்லி உயிரை எடுப்பவர் இவர்தான் என்று வெளியில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அடுத்த மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவன் என்பதால் நான் நம்புகிறேன்.

டப்பா என்பது எங்கள் மையத்துப் பேச்சு. முறையாகக் கன்டெய்னர் என்று சொல்லவேண்டும். ஒரு விஞ்ஞானி புரோகிராம் எழுதுகிறார். அவர் கணினியில் ஜம்மென்று ஓடும். அதையே அடுத்த அறைக்காரர் கணினியில் போட்டால் மக்கர் பண்ணும். அதனால் புரோகிராமையும் அது ஓடுவதற்கு வேண்டிய சகல சாமான்களையும் ஒன்றாகக் கட்டி, மூடி போட்டு வைத்துவிடுகிறார்கள். யார் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி ஓடும். அப்படி மூடிய டப்பாக்கள் எங்கள் சர்வரில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. உள்ளே இருப்பது என்ன, எந்தப் பதிப்பு, யார் எழுதியது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதைச் சொல்லத்தான் லேபிள்.

அக்கா இந்த வேலைக்கு வந்தபோது அவரவர் வாய்க்கு வந்ததை லேபிளாக எழுதி வைத்திருந்தார்கள். பதிப்பு எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒருவர் தேதியைப் போட்டிருந்தார். இன்னொருவர் 'கடைசி' என்று போட்டிருந்தார். அவரே கொஞ்ச நாள் கழித்து 'கடைசி புதுசு' என்றும், பிறகு 'உண்மையான கடைசி' என்றும் போட்டார். மரபணுக்காரர்கள் 'தொடர்புக்கு' என்று எழுதியதை வானிலைக்காரர்கள் 'உரிமையாளர்' என்று எழுதினார்கள். வேதியியல்காரர்கள் ஒன்றுமே எழுதவில்லை. கேட்டால் "எங்களுக்குத் தெரியும்" என்றார்கள். மனிதக் கண்ணுக்கு இதெல்லாம் ஒன்றுதான் என்று புரிந்துவிடும். தேடும் இயந்திரத்துக்கு வார்த்தை மாறினால் ஆளே மாறின மாதிரி.

எல்லோருக்கும் ஒரே லேபிள் என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். அந்தக் கூட்டங்களைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொட்டாவி வரும். படித்த மனிதர்கள் லேபிளில் உள்ள ஒரு கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரி மல்லுக்கு நின்றார்கள். அக்கா அதிகம் பேசமாட்டார். பேச்சு சூடாகும்போது ஒரு டப்பாவின் பெயரைத் திரையில் காட்டி, "ஞாயித்துக்கிழமை இது உடைஞ்சா நான் யாருக்குப் போன் பண்றது?" என்று மட்டும் கேட்பார். சத்தம் அடங்கிவிடும்.

எழுதியவருக்கு ஒரு கட்டம், பராமரிப்பவருக்கு ஒரு கட்டம் என்று இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றவரும் அக்காதான். வானிலைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை.

"நான் எழுதினதை நான்தானேம்மா பார்த்துக்குவேன்? எதுக்கு ரெண்டு?"

"எழுதினது நீங்கதான் சார், அதை யாராலயும் மாத்தமுடியாது. ஆனா கேள்வி கேட்டா இன்னைக்குப் பதில் சொல்ல ஆள் வேணும். நீங்க ரிட்டயர் ஆனப்புறம்?"

"ஆனாலும் நான்தான்."

"அதுக்கப்புறம்?"

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். இரண்டு கட்டம் என்பது முடிவாயிற்று. கூடவே அக்கா ஒரு விதியும் சேர்த்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, பராமரிப்பவர் என்று பெயர் போட்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் தானாக ஒரு மெயில் போகும்: இந்த டப்பாவை இன்னும் பார்த்துக்கொள்கிறீர்களா? ஆம் என்று பதில் வந்தால் பெயர் நிலைக்கும். பதில் இல்லையென்றால், கவனிப்பார் இல்லை என்று குறித்து அந்த டப்பாவை ஓரமாக ஒதுக்கிவிடுவோம். விதி கச்சிதமாக இருக்கிறது என்று இயக்குநர் வாயாரப் புகழ்ந்தார். நானும்தான் தலையாட்டினேன்.

அந்த மெயில் போன முதல் தடவை, எல்லோருக்கும் முந்திப் பதில் போட்டவர் அக்காவின் தம்பி. அடுத்த வருஷமும் அவர்தான். அக்காவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. "பாருப்பா, சம்பளம் வாங்குறவன் எல்லாம் தூங்குறான், என் தம்பி முழிச்சிருக்கான்" என்று என் மேஜையைத் தட்டிச் சொன்னார்.

தம்பியும் எங்கள் மையத்தில் இருந்தவர்தான். பூமிக்கடியில் கலந்த கழிவு மண்ணுக்குள் எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகத்தில் நகரும் என்று கணக்குப் போடும் புரோகிராம் அவர் எழுதியது. எந்தக் கிணற்றை மூடவேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்ய எங்கெங்கோ இருக்கும் குடிநீர் அலுவலகங்கள் அதைத்தான் எடுத்துப் பயன்படுத்துகின்றன. பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும் வேலையிலிருந்து நின்றுவிட்டார். டப்பாவின் லேபிளில் மட்டும் அவர் பெயரும் வீட்டு மெயில் முகவரியும் நின்றன. கேள்விகள் நேராக அவருக்கே போயின. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பதில் அனுப்பினார்.

அந்த மெயில்கள்தான் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பின. இதை அவர் மனைவி எங்களிடம் சொன்னார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், மிகையாகப் பேசத் தெரியாதவர். உடம்புக்கு வந்த புதிதில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தாராம். முதல் கேள்வி வந்த அன்றைக்குத்தான் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை கேட்டாராம். அதற்குப் பிறகு தினமும் சட்டை போட்டுக்கொண்டுதான் கணினி முன்னால் உட்காருவார்.

இப்படி இருக்கும்போது மையத்தின் பொது முகவரிக்கு ஒரு குடிநீர் வாரிய எஞ்சினியரிடமிருந்து தம்பியின் புரோகிராமைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. மண் கொஞ்சம் கழிவைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கழிவு மெதுவாக நகரும். அந்தப் பிடிமானத்துக்கான அளவை நாம் கொடுக்கவேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அவர் கேள்வி. வேண்டாம், புரோகிராமே போட்டுக்கொள்ளும் என்கிறது கையேடு. கட்டாயம் கொடுக்கவேண்டும் என்கிறார் பராமரிப்பவர். கொடுத்தால் அவர் பார்க்கும் கிணறு பல வருஷத்துக்குப் பத்திரம் என்று விடை வருகிறது. கொடுக்காவிட்டால் சீக்கிரமே கெட்டுப்போகும் என்று வருகிறது. நான் யாரை நம்பட்டும் என்று கேட்டிருந்தார்.

"கையேடுதான் தப்பா இருக்கும்" என்றார் அக்கா, யோசிக்கவே இல்லை. "நீ எதுக்கும் புரோகிராமைத் திறந்து பார்த்துடு."

பார்த்தேன். கையேடு சரி. பழைய பதிப்பில் அந்த அளவை நாம்தான் கொடுக்கவேண்டியிருந்தது. பிறகு தம்பியே புரோகிராமை மாற்றி, அதைத் தானாகக் கணக்கிட வைத்திருந்தார். இப்போது நாமும் கொடுத்தால் மண்ணின் பிடிமானம் இரண்டு தடவை கணக்கில் சேரும். கழிவு நத்தை வேகத்தில் நகர்வதாகத் தெரியும். கெடப்போகும் கிணற்றை நல்ல கிணறு என்று சொல்லும். அந்த மாற்றத்துக்கு மேலேயே தம்பி தன் கையால் குறிப்பும் எழுதியிருந்தார்: 'இனி இதைப் பயன்படுத்துபவர் தரக்கூடாது.'

அக்கா திரையில் அதைப் படித்தார். பிறகு எஞ்சினியருக்குப் போன் போட்டு, கையேடுதான் சரி, கிணற்றைப் பற்றிய முடிவை மறுபடி பாருங்கள் என்று சொன்னார். குரல் பிசிறடிக்கவில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பதில் வருதான்னு பார்த்தோம். சரியான பதிலான்னு பார்க்கவே இல்லியே" என்றார்.

எங்கள் விதியின் லட்சணம் அவ்வளவுதான். ஒரு மனிதர் இருக்கிறாரா என்று கேட்டோம், இருக்கிறேன் என்றார், சந்தோஷமாக டிக் போட்டுவிட்டோம். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை மேதாவிகளில் ஒருவருக்கும் அதற்கு மேல் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இயக்குநர் நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கமாட்டார். அதனாலேயே அவர் சொல்லும் யோசனைகள் எதற்கும் உதவாது. "அவர் பேரும் இருக்கட்டும், பக்கத்துல இன்னொருத்தர் பேரையும் போட்டுடுங்களேன்" என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் கேள்வி போகும். முந்திக்கொண்டு பதில் போடுவது தம்பியாகத்தான் இருக்கும். முதலில் வந்த பதிலைத்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

சனிக்கிழமை, "துணைக்கு வாப்பா, லேப்டாப்பையும் எடுத்துக்கோ" என்று என்னைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். பஸ் டிப்போவுக்கு எதிரே இரண்டாவது மாடி. தம்பி மனைவி கதவைத் திறந்தார். அக்கா முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. எங்களை உள்ளே விடாமல் படிக்கட்டிலேயே நிறுத்தினார்.

"என்ன அண்ணி?"

"அவன் தப்பா பதில் போட்டிருக்கான்மா."

அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை. "மாத்திரையை ரெண்டு தடவை போட்டுக்கிட்டார் ஒரு நாள். போட்டதே ஞாபகம் இல்ல" என்றார். "உங்ககிட்ட சொன்னா இதை நிறுத்திடுவீங்கன்னுதான் சொல்லல. அண்ணி, கெஞ்சிக் கேக்கறேன். அது ஒண்ணுதான் அவருக்கு. அதுவும் இல்லன்னா மறுபடி சுவத்தைப் பார்த்துப் படுத்துடுவாரு."

"அந்தத் தண்ணியைக் குடிக்கிறவங்க?"

அவர் கதவைவிட்டு விலகி வழி விட்டார்.

தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த வாரம் எத்தனை பேர் எழுதினார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து எழுதினார்கள் என்று ஒரு பாட்டம் பெருமை அடித்தார். ஒரு மெயிலைத் திறந்து காட்டினார். மரியாதையான, பொறுமையான பதில். என்னால் அப்படியெல்லாம் எழுதமுடியாது. இரண்டாவது வரியிலேயே எரிச்சல் எட்டிப்பார்த்துவிடும்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "மண்ணு பிடிச்சு வெக்கிற அளவை நாம குடுக்கணுமாடா?"

"கண்டிப்பா. குடுக்கலேன்னா கணக்கே தப்பாயிடும். எல்லாரும் அங்கதான் கோட்டை விடறாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். லேப்டாப்பைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தம்பி குனிந்து படித்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, பிறகு மறுபடி மேலேயிருந்து. டிப்போவில் ஒரு பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்.

"இதை நானா எழுதினேன்?"

"உன் பேரு போட்டிருக்குடா."

"பேரை விடு. எழுதின விதம் என்னோடதுதான்." மறுபடி திரையைப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கேன். ஆனா ஒண்ணுமே ஞாபகம் வரலக்கா."

அக்கா அவர் தோளைத் தொடப் போனார். அவர் நகர்ந்துகொண்டார்.

"அப்ப என்னை எடுத்துடப் போற."

"பராமரிப்பவர் கட்டத்துலேர்ந்து மட்டும்தான். எழுதியவர் கட்டத்துல உன் பேரு எப்பவும் இருக்கும். யாராலயும் அதைத் தொடமுடியாது."

"செத்தவனுக்கும் அந்தக் கட்டத்துல பேரு இருக்கும்க்கா."

குழுவில் பேராசிரியர்களையெல்லாம் ஒரே கேள்வியில் உட்காரவைத்த மனுஷி, அங்கே புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். கடைசியில், "எடுத்துத்தான்டா ஆகணும்" என்றார். தம்பி, "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு இடது கையால் கணினியை அணைத்தார். நாங்கள் கிளம்பும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அக்காவே லேபிளை மாற்றினார். என்னிடம் தள்ளியிருக்கலாம், தள்ளவில்லை. பராமரிப்பவர் கட்டத்தில் பொது முகவரியைப் போட்டு, கேள்விகளைப் பார்ப்பது அக்காவும் நானும் என்று பதிவு செய்தார். வருஷாந்தர விதியையும் திருத்தினார். இனிமேல் 'இருக்கிறீர்களா' என்று மட்டும் கேட்பதில்லை. விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு சின்னக் கணக்கையும் அனுப்புகிறோம். பராமரிப்பவர் அதைப் போட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். வானிலைப் பேராசிரியர் தனக்கே பரீட்சையா என்று குதித்தார், பிறகு எழுதினார், பாஸும் ஆனார்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. மூடின டப்பாவின் லேபிளைச் சுரண்டிவிட்டு வேறு ஒட்டமுடியாது. லேபிளை மாற்றினால் அது புது டப்பா. அடையாள எண்ணே மாறிவிடும். பழைய எண்ணைக் கட்டுரைகளில் குறிப்பிட்டிருப்பவர்களுக்காகப் பழையதையும் அழிக்காமல் வைத்திருப்போம். அதில் தம்பியின் பெயரும் முகவரியும் அப்படியே இருந்தன. பழையதை எடுப்பவர்களின் கண்ணில் படும்படி பட்டியலில் ஓர் எச்சரிக்கை போட்டோம். அவ்வளவுதான் செய்யமுடிந்தது.

தம்பி அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா போன் செய்தால் அவர் மனைவிதான் எடுப்பார். சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று மட்டும் சொல்வார். சட்டை போடுகிறாரா என்று அக்கா கேட்கமாட்டார். போனை வைத்துவிடுவார். நான் அடுத்த மேஜையில் ஏதோ வேலை இருப்பதுபோல் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருப்பேன். அக்கா செய்தது சரி. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் தினமும் மதியச் சாப்பாட்டை மிச்சம் வைத்தார்.

ஒரு நாள் காலை பொது முகவரியைத் திறந்த அக்கா, "இங்க வா" என்று கூப்பிட்டார். ஒரு மாணவி பழைய டப்பாவை எடுத்து ஓட்டியிருக்கிறாள். எச்சரிக்கையைக் கவனிக்காமல் லேபிளில் இருந்த முகவரிக்கே கேள்வி அனுப்பிவிட்டாள். தம்பி அந்த மெயிலை எங்களுக்குத் தள்ளிவிட்டிருந்தார். மேலே அவர் எழுதியிருந்தது இதுதான்:

'வணக்கம். இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் தோன்றுகிறது. போன தடவையும் அப்படித்தான் தோன்றியது. அதனால் உங்களுக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் தரவும், அந்தப் பெண் காத்திருக்கிறாள். பதிலின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பினால் படித்துத் தெரிந்துகொள்வேன்.'

அக்கா அழுதார். அலுவலகத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"பேரை மட்டும்தான் எடுக்கறோம்னு நினைச்சேன்" என்றார். "தனக்குத் தெரியும்ங்கிற நினைப்பையும் சேர்த்துப் பிடுங்கிட்டேன்ப்பா."

ஆறுதலாக ஏதாவது சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியவில்லை. என் மேஜைக்குப் போய், புரோகிராமைத் திறந்து, அந்த மாணவி கேட்டதற்கான விடையைத் தேடி எடுத்தேன். ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுக் கொடுத்தேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பி எழுதும் தோரணையில், பொறுமையாக, மரியாதையாகப் பதில் எழுதினார். மாணவிக்கு அனுப்பினார். நகலைத் தம்பியின் வீட்டு முகவரிக்குப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது: 'புரிந்தது.'